வலைக்கம்பியில் வரும் மின்சாரம்

கறுப்பு நிறப் பெட்டியாய், விரல் நுழைத்துச் சுழற்றும் வட்டத் தட்டோடு, வீட்டுக் கூடத்தின் மூலையில் தொலைபேசி வீற்றிருந்த காலத்தில், அதற்கென்று தனியாக ஒரு பிளக் பாயிண்ட் வேண்டுமென்று எவரும் கேட்டதில்லை. அதற்கு வேண்டிய மின்சாரம், எக்ஸ்சேஞ்சில் வரிசை வரிசையாக அடுக்கியிருந்த பாட்டரிகளிலிருந்து, 48 வோல்ட் டி.சி.யாக, குரல் சென்று மீளுகிற அதே இரண்டு செம்புக் கம்பிகளின் வழியாகவே வந்துகொண்டிருந்தது. ஆகையால் புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து ஊரே இருளில் மூழ்கிய இரவுகளிலும், தொலைபேசிக் கம்பி அறுபடாத வரையில், ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. ஈர மண்ணில் புதைந்த செம்பு அரித்துப் போகாமலிருக்கும் பொருட்டு, அந்தப் பாட்டரியின் நேர்முனையைப் பூமியோடு இணைத்து எதிர்முனையைக் கம்பிக்குக் கொடுக்கும் வழக்கம் ஒன்றே, அவ்வேற்பாடு எவ்வளவு தீர யோசித்துச் செய்யப்பட்டது என்பதற்குப் போதிய சான்றாகும்.

இன்று வீட்டுக்குள் செய்தி வருவது ஒளியிழையின் வழியாக. செம்பினால் எட்ட முடியாத வேகம் அதற்கு உண்டு. ஆனால் வீடுகளுக்கு இழுக்கப்படும் அந்தக் கண்ணாடி இழையில் மின்சாரம் வருவதில்லை. எனவே இழை வந்து முடியும் பெட்டிக்கு ஓர் அடாப்டர், அதையடுத்த ரவுட்டருக்கு ஓர் அடாப்டர், மாடியில் வைஃபை எட்டவில்லையென்று வைத்த இரண்டாவது கருவிக்கு ஒன்று, வாசலிலும் கொல்லையிலும் மாட்டிய கேமராக்களுக்குத் தனித்தனியாக ஒவ்வொன்று என்று, சிறு சிறு கறுப்புக் கட்டிகள் சுவரெல்லாம் தொங்கத் தொடங்கிவிட்டன. இவற்றுள் எது ஒன்று பழுதானாலும் 'நெட் போய்விட்டது' என்பதே வீட்டாரின் முறையீடு. இந்த நிலைக்குப் பரிகாரமாகச் சொல்லப்படுவதுதான், செய்தி செல்லும் ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறை. கடைத்தெருவில் இதற்குப் பி.ஓ.இ. என்று பெயர். இதனால் ஓர் ஒயர் குறைகிறது என்ற சௌகரியத்தைத்தான் விற்பனையாளர்கள் முதலில் சொல்லுவார்கள். வீட்டின் தொடர்புச் சாதனங்கள் அனைத்துக்குமான மின்சாரப் பொறுப்பு மறுபடியும் ஒரே இடத்தில் வந்து சேருகிறது என்பதே இதன் பெரிய அனுகூலம் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காவில், பாலோ ஆல்டோ நகரத்து ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் 1973ஆம் ஆண்டில் ஈதர்நெட் முறையை வகுத்தபோது, கம்பியில் செய்தி மட்டுமே செல்ல வேண்டும் என்பதே கருத்து. கணிப்பொறிகள் தத்தம் மின்சாரத்தைத் தாமே சுவரிலிருந்து பெற்றுக்கொண்டன. பிற்பாடு அலுவலகங்களில் தொலைபேசியையும் அதே வலையில் இணைக்க முற்பட்டபோதுதான் இடர்ப்பாடு தோன்றியது. மின்சாரம் நின்றால் தொலைபேசியும் ஊமையாகிவிடும் என்பதை, நூறாண்டு காலமாக வேறு விதமாகப் பழகியிருந்த ஜனங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. மேஜைக்கு மேஜை அடாப்டர் வைப்பதும் சாத்தியமாக இல்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் சிஸ்கோ நிறுவனம், வலையின் கேபிள்களெல்லாம் வந்து சேரும் தன் சுவிட்சுப் பெட்டிகளிலிருந்தே தொலைபேசிகளுக்கு மின்சாரம் அனுப்பும் தனக்கே உரிய முறையைக் கொண்டுவந்தது, 2003இல் ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் சங்கம் 802.3 ஏ.எஃப். என்ற பொது நியமத்தை வெளியிட்டது. அந்த நியமத்திலும் மின்னழுத்தம் பழைய எக்ஸ்சேஞ்சு பாட்டரியின் 48 வோல்ட்டை ஒட்டியே அமைந்திருப்பதைப் பார்க்கும்போது, பாட்டனாரின் முகச்சாயல் பேரனிடம் வந்துவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஒரே கம்பியில் செய்தியும் மின்சாரமும் ஒன்றையொன்று கெடுக்காமல் எவ்வாறு செல்ல முடியும் என்ற சந்தேகம் சாமானியருக்கு எழுவது இயற்கை. ஈதர்நெட் கேபிளின் உறையை உரித்தால் எட்டுக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு சோடியில் செய்தி செல்வது, அதன் இரண்டு கம்பிகளுக்கும் இடையே தோன்றும் வித்தியாசமாக. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். சோடி முழுவதையும் ஒரேயளவாக உயர்த்தி வைத்துவிட்டால் அந்த வித்தியாசம் மாறுவதில்லை. ஆகவே ஒரு சோடியின் இரு கம்பிகளையும் சேர்த்து மின்சாரத்தின் ஒரு முனையாகவும், மற்றொரு சோடியின் இரு கம்பிகளையும் சேர்த்து மறு முனையாகவும் கொண்டு, சுவிட்சுக்குள்ளே இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்களின் நடுப்புள்ளியில் மின்சாரத்தைச் செலுத்தினால், டி.சி. மின்சாரம் ஒரு கணக்கிலும் செய்தி வேறொரு கணக்கிலுமாக ஒரே செம்பில் பயணம் செய்கின்றன. இது புதிய தந்திரமும் அன்று. ஒலிப்பதிவுக் கூடங்களில் மைக்கிற்கு அதன் ஒலிக்கம்பி வழியாகவே 48 வோல்ட் கொடுக்கும் முறையை ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1966இலேயே நார்வே நாட்டு வானொலிக்காகச் செய்து கொடுத்திருந்தது.

இம்முறையின் நுட்பம் முழுவதையும் ஓரிடத்தில் காண விரும்புகிறவர், கேபிளைச் சொருகிய பின் மின்சாரம் பாய்வதற்கு முன்னால் கழியும் அந்த ஒரு வினாடியைக் கவனிக்க வேண்டும். சுவிட்சு எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டைக் கொட்டிவிடுவதில்லை. அவ்வாறு செய்தால், மின்சாரத்தை எதிர்பாராத மடிக்கணினியோ அச்சு யந்திரமோ அதனால் கெட்டுப் போகலாம். முதலில் 2.7 முதல் 10.1 வோல்ட்டுக்குள் மிகச் சிறிய அழுத்தத்தை, ஒன்றுக்கொன்று வேறான இரண்டு அளவுகளில் கொடுத்துப் பார்க்கிறது. மின்சாரம் வாங்கிக்கொள்ளத் தக்க கருவியாக இருந்தால், அதனுள் ஏறத்தாழ 25,000 ஓம் தடை ஒன்று இதற்கென்றே வைக்கப்பட்டிருக்கும். ஒரே அளவில் பார்த்தால், கருவியின் வாயிலில் உள்ள டையோடுகள் விழுங்கும் சிறு அழுத்தம் கணக்கைத் தவறாக்கிவிடும் என்பதற்காகவே இரண்டு அளவுகளில் பார்த்து, வித்தியாசத்திலிருந்து தடையை நிர்ணயிக்கிறார்கள். அந்த அடையாளம் சரியாக இருந்த பிறகு, அழுத்தத்தை 15.5 முதல் 20.5 வோல்ட்டுக்குள் உயர்த்தி, கருவி எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கிறது என்பதைக் கொண்டு, அது 4 வாட்டுக்குள் அடங்கும் சிறு பிராணியா, 13 வாட் வரை கேட்கும் பெரிய பிராணியா என்று தெரிந்துகொள்கிறது. அதற்கும் பின்னரே முழு அழுத்தம். கேபிளைப் பிடுங்கிவிட்டாலோ, கருவி இழுக்கும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் அளவுக்கும் கீழே இறங்கி 0.4 வினாடி அவ்வாறே நின்றாலோ, சுவிட்சு உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து விசாரணையைத் தொடங்கும்.

இந்த விசாரணை ஏதுமின்றி, 24 வோல்ட்டையோ 48 வோல்ட்டையோ எந்நேரமும் கம்பியில் விட்டுவைக்கும் 'பாஸிவ்' முறை ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கூரை மேல் வைக்கும் வயர்லெஸ் கருவிகள் பலவற்றோடு, அவ்வாறு மின்சாரம் கொடுக்கும் இன்ஜெக்டர் என்ற சிறு பெட்டி வருவதுண்டு. கொடுக்கும் பெட்டியும் வாங்கும் கருவியும் ஒன்றுக்கொன்று ஏற்றவையாக இருக்கும் வரையில் அதில் குற்றமில்லை. அந்த இன்ஜெக்டரை வேறொரு கருவியோடு மாற்றிச் சொருகும் நாளில்தான் விபரீதம் நேருகிறது. பெட்டியின் மேல் பி.ஓ.இ. என்று மட்டும் எழுதி, எந்த நியமம் என்பதை எழுதாமல் விட்டிருந்தால், அதை வாங்காமல் திரும்புவதே விவேகம்.

இனி, ஏன் 48 வோல்ட், ஏன் 12 வோல்ட் ஆகாது என்னும் கேள்விக்கு வருவோம். வீட்டுக்காரர் செய்யத்தக்க தீர்மானங்களில் பாதி இந்தச் சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது. நல்ல செம்புக் கேபிள் 100 மீட்டர் ஓடும்போது, போக வரச் சேர்த்து, இரண்டு சோடிகளின் தடையை 12.5 ஓம் என்று பிற்கால நியமம் கொள்கிறது. 6 வாட் வேண்டிய ஒரு கேமராவுக்கு 12 வோல்ட்டில் மின்சாரம் அனுப்புவதானால் அரை ஆம்பியர் செல்ல வேண்டும். அரை ஆம்பியரை 12.5ஆல் பெருக்கினால் 6.25 வோல்ட் கம்பியிலேயே தொலைந்து, பாதிக்கும் குறைவானதே கேமராவுக்கு எஞ்சும்; அதைக்கொண்டு அது உயிர்பெறாது. அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் எட்டில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். கம்பியில் போவது ஒன்றரை வோல்ட்டும் சொச்சமும், விரயமாகும் சக்தி ஏறத்தாழ 0.2 வாட். அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் விரயம் பதினாறில் ஒன்றாகக் குறைகிறது என்ற விதியின் பிரயோகமே இது. அப்படியானால் 100 வோல்ட்டுக்கு ஏன் போகவில்லை என்றால், 60 வோல்ட்டுக்கு உட்பட்ட டி.சி.யைச் சாதாரண நிலையில் கை பட்டாலும் ஆபத்தில்லாத குறைந்த அழுத்தமாகக் கருதுவது பொறியியல் வழக்கம். எனவே நியமம் 57 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. எலக்ட்ரீஷியனின் துணையின்றியே வீட்டார் இந்தக் கேபிளைச் சொருகவும் பிடுங்கவும் முடிவது இக்காரணத்தால்தான்.

நியமத்தில் காணும் விசித்திரமான எண்களுக்கும் இக்கணக்கே விளக்கம் தரும். 2003ஆம் ஆண்டு நியமம், சுவிட்சு கொடுப்பது 15.4 வாட், கருவி நம்பத்தக்கது 12.95 வாட் என்று கூறுகிறது. அக்காலத்துப் பழைய ரகக் கேபிளையும் மனத்தில் கொண்டு 20 ஓம் தடை என்று வைத்தார்கள். 44 வோல்ட்டில் 350 மில்லி ஆம்பியர் சென்றால் 15.4 வாட்; அதில் 7 வோல்ட், அதாவது 2.45 வாட், கம்பியைச் சூடாக்குவதில் போய்விடும், மீதி 12.95. பிறகு 2009இல் வந்த 802.3 ஏ.டி. நியமத்தில் கொடுப்பது 30 வாட், கிடைப்பது 25.5. 2018இல் வந்த 802.3 பி.டி. நான்கு சோடிகளையும் பயன்படுத்தி 60 வாட், 90 வாட் என்று கொடுக்க வழி செய்தது; 90 வாட் கொடுத்தால் கடைசியில் 71.3 வாட் உறுதி. இவற்றைப் பி.ஓ.இ., பி.ஓ.இ. பிளஸ், பிளஸ் பிளஸ் என்று வியாபாரிகள் அழைப்பார்கள். கூட்டல் குறிகளை எண்ணிக்கொண்டிராமல், பெட்டியில் வாட் எத்தனை என்று பார்ப்பதே தெளிவு.

கணக்கு இவ்வாறிருக்க, நடைமுறையில் அதைப் பொய்யாக்குவது கேபிளே. சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் 305 மீட்டர் சுருள் அடங்கிய பெட்டிகள் ஒன்றின் விலைக்கும் மற்றொன்றின் விலைக்கும் மிகுந்த வித்தியாசத்தோடு கிடைக்கும். இரண்டின் மேலும் கேட் 6 என்ற ரகப் பெயரே அச்சிட்டிருக்கும். மலிவானதில் பெரும்பாலும் இருப்பது அலுமினியக் கம்பியின் மேல் பூசிய செம்பு. கடைக்காரர் அதைச் சி.சி.ஏ. என்பார். அலுமினியத்தின் அடர்த்தி செம்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாதலால், பெட்டியைத் தூக்கிய மாத்திரத்தில் கையே உண்மையைச் சொல்லிவிடும். அதிலும் ஐயமிருந்தால் ஒரு கம்பியின் மேற்பரப்பைப் பேனாக் கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளும் புறமும் செந்நிறமாக இருந்தால் செம்பு, அடியில் வெண்மை மின்னினால் அலுமினியம். பூச்சுக் கம்பியின் தடை செம்பினுடையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அன்றியும் அது முறுக்கினால் எளிதில் ஒடியும், கிரிம்ப் செய்த முனையில் நாளடைவில் தளரும். செய்தி மட்டும் செல்லும் போது இக்குறைகள் வெளியே தெரியாமலும் இருந்துவிடலாம். மின்சாரம் சேர்ந்தால்தான் வேடிக்கை: பகலெல்லாம் ஒழுங்காகப் படம் காட்டிய கேமரா, அந்தி சாய்ந்து தன் அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றும் தருணத்தில் அதிக மின்னோட்டம் கேட்க, கம்பி அதைக் கொடுக்க மாட்டாமல் அழுத்தம் விழ, கேமரா அணைந்து, விசாரணை மறுபடி நடந்து, மீண்டும் எழுந்து, விளக்கை ஏற்றியதும் மீண்டும் அணையும். இராத்திரி மட்டும் கேமரா 'ரீஸ்டார்ட்' ஆகிறது என்று சொல்லக் கேட்டால், கேமராவைக் கழற்றுவதற்கு முன் கேபிளைச் சந்தேகிப்பது நலம்.

எந்தெந்தச் சாதனத்துக்கு இம்முறை தகும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெளிச்சுவரிலும் மதில் மேலும் வைக்கும் கேமராக்களுக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான முறை இல்லை. மழைக்கும் வெயிலுக்கும் நடுவே 230 வோல்ட் பிளக் பாயிண்ட் ஒன்றை அமைப்பதென்பது செலவும் ஆபத்தும் கூடிய காரியம். அடுத்தபடியாக, வைஃபை ஆக்சஸ் பாயிண்ட். இரும்புக் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளங்களால் ஆன நம் வீடுகளில், கீழ்த்தளத்து ரவுட்டரின் அலை மாடிக்கு இளைத்துப் போய்த்தான் சேர்கிறது. தளத்துக்கு ஒன்றாகக் கூரையின் நடுவே ஒரு கருவியை மாட்டுவதே சரியான பரிகாரம், கூரையின் நடுவிலோ மின்விசிறிக் கொக்கியைத் தவிர வேறு வசதி கிடையாது. அங்கே ஒற்றைக் கேபிள் போதும் என்பது பெரும் உபகாரம். ஆனால் ரவுட்டரே பிளக் பாயிண்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிறு வீட்டில், கேமராவும் இல்லையென்றால், இந்த ஆடம்பரம் வேண்டியதில்லை. 12 வோல்ட் தரும் சிறிய மினி யூ.பி.எஸ். ஒன்று குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும். 15, 20 மீட்டருக்குள் 12 வோல்ட்டையே கேபிளில் அனுப்பும் மலிவான இணைப்பிகளும் மேற்சொன்ன கணக்குப்படி தப்பிப் பிழைக்கக்கூடும். நீளம் கூடக் கூட அவற்றை நம்புவதற்கில்லை.

சுவிட்சு வாங்குகிறவர் கவனியாமல் விடுவது, மொத்த வரம்பை. எட்டு வாயில்களிலும் 30 வாட் கிடைக்கும் என்று எழுதியிருக்கும். எட்டும் சேர்ந்து 60 வாட்டுக்கு மேல் கூடாது என்பது உள்ளே சிற்றெழுத்தில் இருக்கும். கருவிகளின் தேவையைக் கூட்டி, அதற்குச் சற்று மேலாக வாங்கினால் போதும்.

மின்சாரப் பொறுப்பு ஓரிடத்தில் சேருகிறது என்று முன்னே சொன்னதன் பொருள், மின்வெட்டு நேரத்தில்தான் விளங்கும். தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டைப் பார்த்த பிறகு இன்வெர்ட்டர் வாங்காத நடுத்தரக் குடும்பம் அபூர்வம். எனினும் வீட்டின் எல்லாப் பிளக் பாயிண்ட்டுகளும் இன்வெர்ட்டரோடு இணைந்திருப்பதில்லை. இணைந்த இடத்திலும், மெயின்ஸிலிருந்து பாட்டரிக்கு மாறும் இமைப்பொழுதில் ரவுட்டர் அணைந்து எழுவது உண்டு. இழைப்பெட்டி, ரவுட்டர், பி.ஓ.இ. சுவிட்சு மூன்றையும் ஓர் அலமாரியில் வைத்து, சாதாரண 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்றை இடையில் இட்டால், அது அந்த இமைப்பொழுதைத் தாங்கிக்கொள்ளும். தொலைவிலுள்ள கேமராக்களும் ஆக்சஸ் பாயிண்ட்டுகளும் தாமாகவே அதன் நிழலுக்குள் வந்துவிடும். அத்தகைய யூ.பி.எஸ்.ஸினுள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஏட்டளவில் 84 வாட்-மணி சக்தி உண்டு. மாற்றங்களில் போவதைக் கழித்தால் 40 வாட் சுமையை அது ஒரு மணி நேரம் சுமக்கும். அதற்கு மேல் வேண்டுவோர் பெரிய இன்வெர்ட்டரை யூ.பி.எஸ்.ஸுக்குப் பின்னால் நிறுத்தலாம். நான்கு மூலைகளில் நான்கு அடாப்டர்களோடு இருக்கும் கேமராக்களுக்கு இதே பாதுகாப்பைத் தருவதானால் எத்தனை பாட்டரி வாங்க நேரும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பிரதிகூலங்களும் இல்லாமல் இல்லை. சுவரின் ஏ.சி. மின்சாரம் முதலில் 50 சொச்சம் வோல்ட் டி.சி.யாகி, கருவிக்குள் சென்று மறுபடியும் 12ஆகவும் 5ஆகவும் 3.3ஆகவும் மாறுவதில் ஒவ்வொரு படியிலும் சிறிது சக்தி வெப்பமாகப் போகிறது. சிக்கனத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் நல்ல அடாப்டர் ஒன்று இதை வெல்லக்கூடும். பொறுப்பு ஓரிடத்தில் சேர்வதன் மறுபக்கம், அந்தச் சுவிட்சு ஒன்று பழுதானால் வீடு முழுவதும் கண்ணும் காதும் இழப்பது.

இவற்றைவிடப் பெரிய அச்சம் இடி மின்னல். மதில் மேலிருக்கும் கேமராவிலிருந்து உள்ளறைச் சுவிட்சு வரையில் இடையறாத செம்புப் பாதை ஒன்றை நாமே போட்டுக் கொடுத்திருக்கிறோம். அருகில் மின்னல் இறங்கினால் அக்கம்பியில் தூண்டப்படும் அழுத்தம் கருவியின் உள்ளே விதிக்கப்பட்ட 1,500 வோல்ட் தடுப்பையும் தாண்டக்கூடும். செய்தியும் மின்சாரமும் செம்பில் ஒன்றாகச் செல்லும் வலைகளுக்கு இது பொதுவான விதி என்பதை ஆஸ்திரேலியா கண்டது. அந்நாட்டுத் தேசிய அகலப்பட்டை வலையமைப்பின் ஒரு பகுதியில், இழை தெருவோரம் வரை வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் பழைய தொலைபேசிச் செம்பே செல்கிறது. தெருவோரக் கருவிக்கு மின்சாரத்தை வீடுதான் அந்தச் செம்பின் வழியே அனுப்ப வேண்டும். எக்ஸ்சேஞ்சு வீட்டுக்குக் கொடுத்த காலம் தலைகீழாகிவிட்டது. சிட்னிக்கு மேற்கேயுள்ள ப்ளூ மவுண்டன்ஸ் மலைப் பகுதியில், இடி மழையின் போது வீட்டுக்குள்ளிருந்து அம்மின்சாரத்தை அனுப்பும் கருவிகள் மிகுதியாகக் கருகியது அங்கே பெரிய புகாராக எழுந்தது. நம் வீடுகளில் செய்யத்தக்கது, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கேபிளுக்கும் உள்ளே நுழையுமிடத்தில் ஈதர்நெட்டுக்குரிய சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை வைத்து, அதை ஒழுங்கான எர்த்தோடு இணைப்பது. எர்த் இல்லாத புரொடெக்டர் வெறும் அலங்காரம். தோட்டத்து வீடு, மாட்டுக்கொட்டகை என்று தனிக் கட்டடத்துக்குச் செல்வதானால் செம்பை விட்டு இழையை இழுத்து, அங்கேயே மின்சாரம் கொடுப்பதுதான் உசிதம்.

செம்பின் ஆட்சி எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதும் விவாதத்துக்குரியதே. ஒருபுறம், நான்கு சோடிகளுக்குப் பதிலாக ஒற்றைச் சோடியில் செய்தியையும் மின்சாரத்தையும் அனுப்பும் நியமங்கள் 2016 முதல் வந்திருக்கின்றன. அவை மோட்டார் வாகனங்களையும் தொழிற்சாலைகளையும் நாடிச் செல்கின்றனவே தவிர, வீட்டுக் கடைத்தெருவுக்கு வரவில்லை. மறுபுறம், அறைக்கு அறை ஒளியிழையே இழுக்கும் முறை பரவத் தொடங்கியிருக்கிறது. அதிலும் அறையிலுள்ள கருவிக்கு மின்சாரம் வேண்டுமே என்ற பழைய கேள்வி எழுந்து, இழையையும் ஒரு சோடிச் செம்பையும் ஒரே உறைக்குள் வைத்த கலப்புக் கேபிள்களைச் செய்து விற்கிறார்கள். எது நிலைக்கும் என்று தீர்மானிக்கும் வரையில் வீடு கட்டும் வேலை நிற்காது. ஆகையால் இப்போது கட்டுகிறவர், அலமாரியிலிருந்து ஒவ்வொரு தளத்துக் கூரை நடுவுக்கும் வாசல் மூலைக்கும், மின்சார ஒயரிங் செல்லும் குழாயிலிருந்து தனிப்படுத்தி, 25 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் பதித்து, இன்றைக்கு முழுச் செம்பில் ஒரு கேட் 6 கேபிளும், நாளைக்கு எதையாவது இழுப்பதற்கு ஒரு வெறுங்கம்பியும் அதற்குள் விட்டுவைக்கும்படி மேஸ்திரியிடம் பூச்சு வேலைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.